காசு கேட்காத வகுப்புகள்: நூலகருக்கும் வாசகருக்குமான இணையப் பயிற்சிகள் பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில், ஏறத்தாழ 4,000 தமிழ் நூல்களோடு நாங்கள் நடத்திவரும் சிறு நூலகத்தில் பட்டம் பெற்ற நூலகர் என்று ஒருவரும் கிடையாது. பகலில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கும் நான், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரும் சனிக்கிழமைதோறும் கூடிக் கதவைத் திறக்கிறோம். முறையாகப் படிப்பதென்றால் யூஐடிஎம் பல்கலைக்கழகத்தில் நூலகத் துறைக்கென்றே படிப்பு இருக்கிறது. ஆனால், வேலையையும் வீட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் வகுப்பில் போய் உட்கார எங்களில் மூத்தவர்கள் இருவருக்கும் இனி வாய்க்காது. 2018 ஆகஸ்டில் இஃப்லா என்னும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் ஆண்டு மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்தியது. ஊர் தேடி வந்த அந்த மாநாட்டின் கட்டணமும் என் கைக்கு எட்டாத தொகையாக இருந்ததால், மாநாடு நடந்த கேஎல்சிசி பக்கம் போன நாள்களிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆகவே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பயிற்சிகளைத் தேடத் தொடங்கினேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் முழுமையாக முடித்தவை, பாதியில் விட்டவை, எங்கள் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எடுத்தாண்டவை ஆகியவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இலவசப் பயிற்சிகளில் பார்ப்பதற்கு மட்டும் இலவசமானவை உண்டு. எடுத்து, வெட்டி, மொழிபெயர்த்து, நம் உதாரணங்களைப் போட்டு மறுபடி வெளியிடவும் இடம் தருபவை உண்டு. ஆங்கிலத்தில் உள்ள பாடத்தை நான் எப்படியோ தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன். ஆனால் என்னோடு வேலை செய்யும் ஆசிரியைக்கும், எங்கள் நூலகத்துக்கு வரும் பெரியவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டுமானால் தமிழில் போக வேண்டும். தொடங்கும்போது சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்துத்தான் பதிவு செய்தேன்; இப்போது பக்கத்தின் அடியில் என்ன உரிமம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்கிறேன்.

நூலகப் பணியாளருக்கான இலவசப் பயிற்சி என்றால் எல்லாரும் முதலில் கைகாட்டும் இடம் வெப்ஜங்ஷன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இயங்கும் ஓசிஎல்சி நிறுவனம் இதை 2003 முதல் நடத்திவருகிறது. கணக்கு ஒன்றைத் திறந்துகொண்டால் போதும். எந்த நாட்டவரும் பாடங்களைப் படிக்கலாம், இணையக் கருத்தரங்குகளின் பதிவுகளைப் பார்க்கலாம், முடித்ததற்குச் சான்றிதழும் பெறலாம். கருத்தரங்குகளை நேரலையில் கேட்கத்தான் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல் மூன்று மணி என்றால் கோலாலம்பூரில் அதிகாலை மூன்று மணி. அவர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் மாதங்களில் நான்கு மணி. முதல் மாதத்தில் ஆர்வக்கோளாறினால் இரண்டு முறை அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாம் முறை கேள்வி நேரம் வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிட்டேன். பிறகுதான் பதிவு, படவில்லைகள், பெரும்பாலும் கூடவே வரும் கற்போர் கையேடு ஆகிய எல்லாவற்றையும் பின்னர் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. நேரலையில் இழந்தது அரட்டைப் பெட்டியை மட்டுமே. அதில் முக்கால் பங்கு எந்த ஊரில் பனி பெய்கிறது என்பதாகத்தான் இருந்தது.

பாடங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை. பேசுபவர்கள் நூலகத்தில் நின்று வேலை செய்தவர்கள் என்பது இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தை எப்படி அமைப்பது, கோபமாக வரும் வாசகரிடம் எப்படிப் பேசுவது, அலமாரியிலிருந்து எந்த நூலைக் கழிப்பது என்பன போன்ற, பட்டப்படிப்பில் கால்மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய பொருள்களுக்கு இங்கே ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் அமெரிக்க மாவட்ட வாரியங்களுக்கும், வரிப்பணத்துக்கான வாக்கெடுப்புக்கும், நூலக நண்பர் குழுக்களுக்கும் போய்விடும். நம் ஊரில் நூலகத்துக்கு அப்படி ஒரு வாரியமும் இல்லை, அப்படி ஒரு வாக்கெடுப்பும் இல்லை. அந்தப் பகுதி வரும்போது வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடப் பழகிக்கொண்டேன்.

நூல் கழித்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு பயிற்சிதான் எங்களுக்குள் சண்டையையே மூட்டியது. இதைப் படிப்பவர்கள் வெப்ஜங்ஷன் பாடப்பொருள்களோடு டெக்சாஸ் மாநில நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் க்ரூ என்ற கையேட்டையும் சேர்த்துப் படிக்கலாம். அதில் ஒரு நூலைக் கழிப்பதற்கு ஆறு காரணங்கள் சொல்லப்படுகின்றன: தவறான தகவல் தருவது, கிழிந்து அழுக்கேறியது, புதிய பதிப்பு வந்துவிட்டது, சாரமற்றது, வாசகருக்குத் தொடர்பற்றது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது. முதல் ஐந்தையும் வைத்துக்கொண்டு பழைய கணினிப் பாடநூல்களையும், செல்லரித்த ஜோதிடப் புத்தகங்களையும் ஒரே நாளில் இரண்டு பெட்டிகளில் கட்டினோம். ஆறாவது காரணத்தில்தான் ஆசிரியை கையை நீட்டித் தடுத்துவிட்டார். எழுபதுகளில் இந்நாட்டில் சொந்தக் காசில் சில நூறு படிகள் மட்டும் அச்சடிக்கப்பட்ட கவிதைத் தொகுப்பு, அட்டை போனாலும், பத்து ஆண்டுகளாக யாரும் எடுக்காவிட்டாலும், வேறிடத்தில் கிடைக்காது. அமெரிக்கச் சிற்றூர் நூலகத்துக்குப் பக்கத்து ஊர் நூலகம் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் மாநில நூலகம் இருக்கிறது. எங்கள் மலேசியத் தமிழ் அலமாரிக்குத் துணையென்று மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்பையும் தேசிய நூலகத்தையும் விட்டால் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர் வரலாற்று நூல்களைத் தனியாகக் கருத வேண்டும் என்று அதுவே எச்சரிக்கிறது. ஆனால் எங்களுக்கு அந்த விதிவிலக்குத்தான் அலமாரியில் பாதி.

அடுத்து லைப்ரரி கார்பென்ட்ரி. இந்த மதிப்பீட்டில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். 2015-இல் லண்டனில் ஜேம்ஸ் பேக்கர் தொடங்கிய பயிற்சி வரிசை இது. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் கார்பென்ட்ரிஸ் அமைப்பின் கீழ் இப்போது வளர்ந்திருக்கிறது. காணொளி கிடையாது, எழுத்துப் பாடம், பயிற்சித் தரவு, விடை, அவ்வளவுதான். நேரில் நடத்தும் பட்டறைக்காக எழுதப்பட்டதால் தனியாகப் படிப்பவருக்கு முதல் அரை மணி நேரம் வறட்சியாக இருக்கும். பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விநியோகிக்கலாம். யூனிக்ஸ் கட்டளைகள், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் ஆகியவை பற்றிய பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். பின்கட்டு நூலகத்துக்கு அவை தேவைப்படவில்லை. தாறுமாறான தரவைச் சீராக்கும் ஓப்பன்ரிஃபைன் பற்றிய பாடம் மட்டும் எங்கள் ஆறு மாத வேலையை மூன்று வாரமாகக் குறைத்தது.

எங்கள் நூற்பட்டியல் ஓர் எக்செல் கோப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பலர் கைபட்டு வளர்ந்தது. முருகையன் என்று ஓர் எழுத்தாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘இரா. முருகையன்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ‘முருகையன், இரா.’ என்பார், மூன்றாமவர் இடைவெளி விடாமல் ‘இரா.முருகையன்’ என்று தட்டியிருப்பார். நான்காமவர் அடையாள அட்டையில் உள்ளபடி மலாய் முறையில், ‘மகன்’ என்று பொருள்படும் அனாக் லெலாக்கியோடு ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார். ஓப்பன்ரிஃபைன் நம் கணினியிலேயே உலாவியில் இயங்கும் இலவச மென்பொருள். தரவு எங்கும் வெளியே போவதில்லை. ஒத்த பெயர்களைக் கொத்தாகச் சேர்த்துக் காட்டச் சொன்னால், அதன் முதல் முறை நிறுத்தக்குறிகளை நீக்கிவிட்டுச் சொற்களை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. ஆகவே முன்பின் மாறிய முதலிரண்டும் உடனே ஒன்றாகிவிடுகின்றன. இடைவெளி இல்லாத மூன்றாவது அதில் சிக்காது, ஏனென்றால் புள்ளி போனபின் அது ஒரே சொல்லாகிவிடுகிறது. எழுத்து வேறுபாட்டை எண்ணும் இரண்டாம் முறையில் அதுவும் அகப்பட்டுவிடும். நான்காவதைக் கையால்தான் சேர்க்க வேண்டும். ஒலிப்பை வைத்துச் சேர்க்கும் முறைகளும் உள்ளன. அவை ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளின் ஒலிப்புக்காகச் செய்யப்பட்டவை என்பதால் தமிழுக்குப் பயனில்லை. பாடத்தில் தரப்படும் மாதிரித் தரவு ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளின் பட்டியல் என்பதால், இந்த வேறுபாட்டை எல்லாம் நாமாகத்தான் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதைவிட நுட்பமான ஒரு சிக்கல் எங்களுக்கு இருந்தது. ‘பொன்’ என்று தொடங்கும் ஒரு நாவலை வாசகர் கேட்பார். நூல் அலமாரியில் இருக்கும். பட்டியலில் தேடினால் வராது. கண்ணால் பார்த்தால் இரண்டு ‘பொ’வும் ஒன்றே. ஓப்பன்ரிஃபைனில் ஓர் எழுத்துக்கோவையின் யூனிகோட் எண்களைக் காட்டும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நான் தட்டிய ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருந்தது. பட்டியலில் இருந்ததோ, எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியே சேர்ந்து 3014, 3006 என்று இரண்டு எண்ணாக இருந்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியலை யாரோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தபோது நேர்ந்த வினை இது. முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த இந்த நாட்டில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் எத்தனை சங்கங்களின் கணினிகளில் கிடக்கின்றன என்று நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு பாடத்தை எல்லாரும் படிக்கலாம் என்றே தோன்றுகிறது. மாற்றுவதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். 340 தலைப்புகள் ஒரே சொடுக்கில் சரியாயின. அன்று பிற்பகல் ஆசிரியை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே, “இத்தனை வருஷமா இருக்கிற புத்தகத்தை இல்லன்னு சொல்லி அனுப்பியிருக்கோமேம்மா” என்றார்.

பட்டியலாக்கம் படிக்க விரும்புவோர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பக்கத்துக்குப் போகலாம். பொருள் தலைப்புகள் பற்றிய முழுப் பயிற்சியும், நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் அமைப்பு பற்றிய அறிமுகமும் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. பயிற்சி ஆழமானது, பொறுமையைச் சோதிப்பதும்கூட. மார்க் அமைப்பின் முழு ஆவணமும் திறந்தே கிடக்கிறது. தமிழ் நூல்களைப் பட்டியலிடுபவருக்கு உண்மையில் அதுதான் பாடநூல். ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள் கொண்ட பதிவுகளுக்கு அதில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டுள்ளன. முதல் வழியில், தலைப்பை ரோமன் எழுத்தில் வழக்கமான புலத்தில் எழுதிவிட்டு, தமிழ் எழுத்தை 880 என்ற புலத்தில் இணைத்துவைக்க வேண்டும். இரண்டாம் வழியில் தமிழை நேரடியாகவே வழக்கமான புலத்தில் எழுதிவிடலாம். சிறிய நூலகம் என்பதால் நாங்கள் இரண்டாம் வழியில் தொடங்கினோம். பிறகுதான், தமிழ்ப்பள்ளியில் படிக்காத பிள்ளைகள் தமிழ்க் கதைப்புத்தகத்தையும் ரோமன் எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள் என்பது புரிந்தது. முதல் வழிக்கு மாறினால் அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த நூலகத்தின் ஒலிபெயர்ப்பு அட்டவணை ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல் எழுத்தைத் தருகிறது. எந்தப் பிள்ளையும் கைப்பேசியில் அடிக்கோடிட்ட எல் போடப்போவதில்லை. தலைப்பை அவர்கள் தட்டும் விதத்திலும் ஒரு முறை கூடுதலாக எழுதிவைப்பது என்று முடிவெடுத்தோம். நூலகவியல் வல்லுநர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கலாம்.

இதே வரிசையில் ஒரு வேடிக்கையையும் சொல்லலாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்கிவிடுவதால், எங்கள் அலமாரியில் முக்கால்வாசி முதுகுகளில் அதே எண்தான். அந்தப் பகுப்பு முறைக்கு உரிமையாளர் வெப்ஜங்ஷனை இலவசமாக நடத்தும் அதே ஓசிஎல்சிதான். பயிற்சிக்குக் காசில்லை, பகுப்பு அட்டவணையை இணையத்தில் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும்.

பதிப்புரிமை பற்றி அறிய, டியூக், எமரி, வட கரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்குமாக உருவாக்கி கோர்செராவில் வைத்த பாடத்தைப் பார்த்தேன். சிக்கலை எப்படிப் படிப்படியாகப் பிரித்து யோசிப்பது என்று கற்றுத்தரும் முறை அருமை. சட்டமோ அமெரிக்கச் சட்டம். நம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலுக்கான உரிமை ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டு, இந்தியாவில் 60, அமெரிக்காவில் பொது விதி 70. 1974-இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் நூல் 2025 தொடங்கியதும் இங்கே பொதுச்சொத்து; சென்னையில் 2034 முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருந்தால் ஒழிய. எங்களைப் போன்ற நூலகங்களில் உள்ள நூல்களில் பெரும்பான்மை இந்தியாவில் அச்சானவை. மின்னாக்கம் செய்ய நினைக்கும் தமிழ் நூலகர் இந்த மூன்று கணக்கையும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான பயிற்சி என் கண்ணில் இதுவரை படவில்லை.

இந்தியப் பக்கம் தேடுவோருக்கு ஸ்வயம் தளத்திலும் இ-பிஜி பாடசாலாவிலும் நூலகவியல் பாடங்கள் உள்ளன. முன்னதில் சேர்ந்து படிப்பது இலவசம், சான்றிதழுக்குத் தேர்வுக் கட்டணம் உண்டு. பின்னது தேர்வுக்குக் குறிப்பெடுத்தது போல இருக்கும். வரையறைகள் வேண்டுமென்றால் போகலாம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு தளத்தைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். ‘முற்றிலும் இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எட்டுப் பாடங்களை முடித்தபின், ஒன்பதாவதற்குக் கடன் அட்டை எண் கேட்டது. கொடுத்தால் ஏழு நாள் சோதனைக்காலம், பிறகு மாதச் சந்தா. கொடுக்கவில்லை, எட்டு இரவுகள் போனதுதான் மிச்சம். இன்னொரு நாள், தரவுத்தளப் பயிற்சி என்ற பெயரில் ஒரு விற்பனை நிறுவனம் நடத்திய ஒரு மணி நேரக் கருத்தரங்கில், ஐம்பது நிமிடம் அவர்களுடைய புதிய திரையின் அழகையே காட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பவர் நடத்தும் பயிற்சி அவர்களுடைய பொருளை ஏற்கெனவே வாங்கிய நூலகத்துக்கு உதவும், மற்றவருக்கு விளம்பரம்.

இனி வாசகருக்கானவை. 2024-இன் தொடக்கத்தில் பாடு என்னும் அரசாங்கத் தரவுத்தளப் பதிவுக்காகப் பெரியவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். பதிவு மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அவர்கள் வருவது முடியவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அடிப்படைக் கணினி வகுப்பு என்று வைத்தோம். எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று தேடியபோது, ஜிசிஎஃப் குளோபல் என்ற தளம் கைகொடுத்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் அறக்கட்டளை நடத்துவது. கணக்குத் திறக்கத் தேவையில்லை. சுட்டியைப் பிடிப்பதிலிருந்து எக்செல் வரை சிறு சிறு பாடங்களாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வெட்டும் அளவுதான் அதன் சிறப்பு. அடுத்த படிக்குப் போகுமுன் எங்கே நிறுத்த வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்துப் பழகியவருக்குத்தான் தெரியும். ஆங்கிலம், ஸ்பானியம், போர்த்துகீசியம் என்று மொழிகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆகவே திரையில் பாடம் ஓட, பக்கத்தில் நின்று வாய்மொழியாக நாங்கள் தமிழில் விளக்கினோம்.

அப்படி விளக்கும்போதுதான் பாடம் எழுதியவர்கள் எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரியும். எழுபது வயதைத் தாண்டிய, ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்த ஐயா ஒருவர் சுட்டியை மேசையின் விளிம்புவரை நகர்த்திவிட்டு, அம்பு திரையின் நடுவிலேயே நின்றதும், “ஏம்மா, இதுக்கு மேல மேச இல்லையே, எங்க போறது?” என்று கேட்டார். சுட்டியைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்பதை நான் பார்த்த எந்தப் பாடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. மூன்று மாதத்தில் அவர், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பக்கத்தைத் தானே திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத் தொடங்கினார். சுட்டியை மட்டும் இன்னும் பயபக்தியோடு இரு கையாலும் தூக்கிவைக்கிறார்.

தமிழிலேயே கிடைத்த ஒரே பயிற்சி நம் அரசாங்கத்துடையது. 2024 ஜனவரி 16-ஆம் தேதி பிரதமர் தொடங்கிவைத்த ‘ஏஐ உந்துக் ராக்யாட்’ என்ற செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இருக்கிறது. இரண்டு பகுதிகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நான்கு மணி நேரம், முடித்தவருக்கு மின் அடையாளச் சின்னம் உண்டு. தமிழுக்கு இப்படி இடம் கொடுத்ததற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம். எங்கள் வகுப்பில் நான்கு சனிக்கிழமைகளாகப் பிரித்து நடத்தினோம். கலைச்சொல் வரும் இடங்களில் பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தையும் பெரியவர்கள் தமிழ்ப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டது, பாடத்தை விடவும் பயனுள்ளதாக இருந்தது. இது நூலகத்துக்கென்று எழுதப்பட்டதன்று. வாசகருக்கு நேரும் குறிப்பிட்ட சிக்கல் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்தச் சிக்கல் எங்களிடம் ஒரு மாணவியின் வடிவில் வந்தது. மலேசியத் தமிழ் நாவல்களில் பெண்களின் நிலை பற்றி ஆய்வேடு எழுதுகிறவர். ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டு வாங்கிய ஏழு நாவல்களின் பட்டியலைக் கொண்டுவந்தார். ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சுத்தமாக இருந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் தேசிய நூலகத்தின் பட்டியலிலும் தேடினோம், நான்கு கிடைத்தன. மீதி மூன்றும் எங்கேயும் இல்லை. தலைப்புகள் மட்டும் எழுத வேண்டிய நாவல்கள் போலவே இருந்தன. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அந்த ஏழு வரிகளைத்தான் பாடமாக வைத்தோம்.

தகவலைச் சரிபார்க்கக் கற்றுத்தரும் பாடங்களில் மைக் கால்ஃபீல்ட் உருவாக்கிய ‘செக் பிளீஸ்’ என்ற தொடக்கநிலைப் பாடத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன். ஐந்து சிறு பாடங்கள். நில், சொன்னவர் யார் என்று பார், வேறு நல்ல செய்தியைத் தேடு, மூலத்துக்குப் போ என்ற நான்கு அசைவுகளைப் பழக்குவதே அதன் வேலை. பெரிய பெரிய அளவுகோல் பட்டியல்களைக் கையில் கொடுத்து வாசகரைக் களைப்படையச் செய்வதில்லை. உதாரணங்கள் அமெரிக்க அரசியலிலிருந்து வருவதால் நம் வாசகருக்கு ஒட்டாது. ஆனால் இதுவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. உதாரணங்களை எடுத்துவிட்டு, குடும்ப வாட்சாப் குழுக்களில் சுற்றிய மூன்று செய்திகளை வைத்தோம்: சக்கரை நோயை ஒரே வாரத்தில் தீர்க்கும் இலை, வங்கிக் கணக்கை முடக்கும் அழைப்பு, இறக்காத நடிகருக்கு இரங்கல். மூலத்தைத் தேடும் படியில் 2017 முதல் இயங்கிவரும் செபெனார்ஞா என்னும் அரசாங்கச் செய்திச் சரிபார்ப்புத் தளத்தைச் சேர்த்துக்கொண்டோம். அதில் செய்திகள் பெரும்பாலும் மலாயில் இருப்பதால் பெரியவர்கள் சரளமாகவே படித்தார்கள். தமிழில் இருந்தால்தான் புரியும் என்று நான் நினைத்திருந்தது அங்கே பொய்யானது.

உரிமம் இடம் கொடுத்ததால் தமிழுக்கு வந்தவை இதுவரை இரண்டுதான்: இந்தச் சரிபார்க்கும் பாடமும், ஓப்பன்ரிஃபைன் பாடத்தில் பெயர்களைக் கொத்தாகச் சேர்க்கும் பகுதியும். இரண்டாவதை ஆசிரியையும் நானும் எங்கள் பட்டியலையே மாதிரித் தரவாக வைத்து ஆறு பக்கக் கையேடாக எழுதினோம். மொழிபெயர்ப்பில் நாள் எடுத்தது ஒரே சொல். நான் ‘கொத்தாக்கம்’ என்றேன். மாணவர் இருவரும் ‘கிளஸ்டரிங்’ என்றே இருக்கட்டும் என்றார்கள். ஆசிரியை ‘சேர்த்துக் கட்டுதல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கீரைக்கட்டின் படத்தையும் வரைந்துவைத்தார். அவர் எழுதியதைத்தான் அச்சிட்டோம். கடந்த மாதம் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வள மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர் அதை வாங்கிப் போனார். அவருடைய பட்டியலிலும் ‘பொ’ இரண்டு விதமாக இருக்கிறதாம்.